முதல் வரியில் ஒன்றுமில்லை

கள்ளக்குறிச்சி
1.9.2025, திங்கள்

மீனாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் அம்மாவுக்கு மட்டும் என் வணக்கத்தைச் சொல்.

நேற்று முழுக்க உன் ஃபோனுக்கு அடித்துப் பார்த்தேன். உங்கள் ஊருக்குள் சிக்னல் கிடையாது என்று தெரியும், தெரிந்தும் அடித்தேன். இன்றைக்கு நீ வெள்ளிமலை இ-சேவை மையத்துக்கு வேலைக்கு வந்ததும் மெயிலைப் பார்ப்பாய் என்று இதை எழுதுகிறேன். ஒரு விதத்தில் ஃபோன் கிடைக்காததே நல்லது. கிடைத்திருந்தால் கத்தியிருப்பேன்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் விடியற்காலையில் நம் சர்வரில் இருக்கும் வெப்சைட் எல்லாம் படுத்துவிடுகின்றன. கல்யாண மண்டபம், விதைக்கடை, இரண்டு பள்ளிக்கூடம், எல்லாமே. முக்கியமாக வீரமணி சாரின் ரத்தப் பரிசோதனைக்கூடம். ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கு டோக்கன் போடுவதும், முந்தின நாள் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுப்பதும் அந்த சைட்டில்தான் என்பது உனக்கே தெரியும். அதைத் திறந்தால் 'வரவேற்கிறோம், சர்வர் நன்றாக ஓடுகிறது' என்று இங்கிலீஷில் ஒரு வெள்ளைப் பக்கம் வருகிறது. அந்த வரவேற்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எந்தெந்த சைட் எங்கே இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்லும் கான்ஃபிக் ஃபைல் ஒன்று உண்டே, அதைத் திறந்தேன். காலி. ஒரு எழுத்து இல்லை. பக்கத்தில் கிடந்த பழைய நகலை எடுத்துப் போட்டுச் சரிசெய்தேன். மறுநாள் விடிந்தால் மறுபடி காலி.

அப்புறம்தான் சர்வரின் பதிவேட்டை, லாகைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு அந்த ஃபைலைத் தொட்டது யார் என்று அதில் இருக்கிறது. 'மீனா' என்று இருக்கிறது. தினமும் ஐந்து மணி, தினமும் மீனா.

நாம் சேர்ந்து ஆரம்பித்த இந்த வெப்சைட் கடையை விட்டு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் அப்பா போனபின் அம்மாவுக்குத் துணையாகப் போகிறேன் என்றாய், நான் அதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் 'நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறாய்' என்று நாலு பேர் எதிரில் பேசினேன். அந்த மனக்கசப்பு உனக்கு இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்வருக்குள் நுழையும் சாவியைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை, நீயும் கொடுக்கவில்லை. நேற்று வீரமணி சார் கடைக்கே வந்து நின்றார். "இன்னாம்மா, சுகர் டெஸ்டுக்கு வந்தவங்கல்லாம் வாய்க்கு வந்ததக் கேட்டுக்கினு நிக்கிறாங்க. அந்த மலைக்காரப் பொண்ணு சாவிய வச்சிக்கினுதான போச்சு? வர வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாவலன்னா நான் போலீசுல எழுதிக் குடுத்துடுவேன். நீயும் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

என்ன செய்தாய் மீனா? எதற்காகச் செய்தாய்? சொல்லிவிட்டால் வெளியே தெரியாமல் சரிசெய்து முடித்துவிடலாம்.

தமிழ்மொழி

•

வெள்ளிமலை
2.9.2025, செவ்வாய்

அன்புள்ள மொழிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். சாதிச் சான்றிதழுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "இன்னா பாப்பா, கரண்டு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதலில் வேலையைப் பேசுவோம். அங்கே ஜனங்கள் பட்டினியோடு காத்திருக்கிறார்கள்.

லாகில் என் பெயர் இருப்பது உண்மை. அதை அங்கே வைத்ததும் நான்தான், கடை ஆரம்பித்த வருஷத்தில். ஐந்து மணிக்குத் தானாக ஓடுகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேனே, நீகூட 'நம் கடைக்குச் சம்பளம் கேட்காத ஆள் ஒருவர் கிடைத்தார்' என்று கிண்டல் செய்தாய். அதன் வேலை இவ்வளவுதான்: கான்ஃபிக் ஃபைலை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, அதை முதல் வரியிலிருந்து படிக்கும். காலம் முடிந்த சைட்டுகளை விட்டுவிடும், புதிதாக வந்தவற்றைச் சேர்க்கும், எல்லாவற்றையும் புது ஃபைலாக எழுதும். முடித்ததும் சர்வரிடம் 'இதைப் படித்துக்கொள்' என்று சொல்லும். அது என் கணக்கில் ஓடுகிறது, அதனால் என் பெயர். நான் இங்கே தூங்கிக்கொண்டிருக்கும்போது என் பெயர் அங்கே உனக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு வருஷமும் அப்படித்தான் மொழி.

இப்போது அது எதிலோ தடுக்கி விழுகிறது. பழைய ஃபைலை நகர்த்திவிட்டது, புதியதை எழுதுவதற்குள் நின்றுபோகிறது. அதனால்தான் காலி, அந்தக் காலியைத்தான் சர்வரும் படித்துக்கொள்கிறது. நீ செய்யவேண்டியது: நாளைக் காலை பழைய நகலை அதன் இடத்தில் போட்டுவிட்டு, ஸ்கிரிப்டை நீயே கையால் ஓட்டிப் பார். தானாக ஓடும்போது அது எதில் நின்றது என்று சர்வரில் என் பெயருள்ள பெட்டியில் ஒரு செய்தி போட்டிருக்கும், அதை அப்படியே எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அந்த ஃபைலில் நீ என்னென்ன மாற்றினாய் என்றும் எழுது.

சாவி என்னிடம் இருக்கிறது. உள்ளே வந்து பார்த்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் இப்போது வந்தால் லாகில் நிஜமாகவே மீனா வந்ததாகப் பதிவாகும். நான் வரமாட்டேன்.

இனி என் விஷயம். உனக்குத் தெரிந்திருக்காது. இங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போலீஸ் விசாரணை முடிந்து, 'இவர் மேல் ஒன்றுமில்லை' என்று அறிக்கை போனால்தான் ஆர்டர் கைக்கு வரும். இந்த மாதமே வரலாம் என்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு புகாரில் என் பெயர் இருந்தால் அவ்வளவுதான். பொய் என்று நிரூபித்து முடிப்பதற்குள் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வந்துவிடும். அம்மா இன்னமும் தனியாகச் சாமைக் காட்டில் குனிந்துகொண்டிருக்கிறாள். இந்த வேலை வந்தால் அவளை உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அதனால் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். வீரமணி சார் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். நீ கையெழுத்துப் போடாதே.

'என்ன செய்தாய்' என்று கேட்டிருக்கிறாய். செய்தாயா என்று கேட்டிருக்கலாம். நான் ஒன்றும் செய்யவில்லை.

அன்புடன்,
மீனா

•

கள்ளக்குறிச்சி
3.9.2025, புதன்

அன்புள்ள மீனாவுக்கு,

வேலை விஷயம் சந்தோஷம். அதை இந்த லட்சணத்தில் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் ஸ்வீட் பாக்ஸோடு மலை பஸ் ஏறியிருப்பேன்.

நீ சொன்னபடியே செய்தேன். இன்றும் ஐந்து மணிக்குக் காலி. ஆறு மணிக்கு நகலைப் போட்டுவிட்டு நானே ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஒரு முனகல் இல்லாமல் ஓடி முடித்தது. அத்தனை சைட்டும் வந்துவிட்டன. பரிசோதனைக்கூடத்தில் டோக்கன் போடுகிற சந்தியா ஃபோன் செய்து, "அக்கா, வந்துடுச்சிக்கா, இன்னிக்கு யாரும் திட்டல" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

பல் துலக்கும்போது யோசித்தேன், வந்த உயிர் போய்விட்டது. அதே ஸ்கிரிப்ட், அதே ஃபைல், அதே சர்வர். நான் ஓட்டினால் ஓடுகிறது. உன் பெயரில் ஓடினால் எல்லாவற்றையும் துடைத்துப் போடுகிறது. இதற்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ள? நீயே சொல்.

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வியாழக்கிழமை, மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைப் பக்கம் வீரமணி சார் புதுக் கிளை திறந்தார். அதன் பெயரை நெட்டில் ஏற்றுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று நல்ல நேரம் பார்த்துக் கடைக்கு வந்துவிட்டார். "எல்லாத்துக்கும் மேல எம் பேருதான் வரணும்" என்றார். சரி என்று ஃபைலின் தலையில் அந்தக் கிளையைச் சேர்த்தேன். முடிக்கும்வரை என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார், அப்புறம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாம் சரிபார்த்துவிட்டேன். நேற்று ராத்திரி அந்தக் கிளையையே ஃபைலிலிருந்து எடுத்துவிட்டுத்தான் தூங்கப்போனேன். இன்று காலையும் காலியாகத்தானே கிடந்தது. ஆக அதுவும் காரணமில்லை.

உன் பெட்டியில் கிடந்த செய்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண்ணும் கோடுமாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வீரமணி சாருக்குத் தெரிந்து குதிக்கிறார். "போறப்பவே எதனா வச்சிட்டுப் போயிருக்கும். அதாண்டயே போய்க் கேட்டுக்கினு இருக்கிறியே, உனக்கு இன்னா புத்தி" என்கிறார்.

உன்னை நம்பவேண்டும் என்றுதான் இருக்கிறது மீனா. நம்புகிற மாதிரி ஏதாவது கொடு.

மொழி

•

வெள்ளிமலை
4.9.2025, வியாழன்

அன்புள்ள மொழிக்கு,

நம்புகிற மாதிரி ஒன்று வேண்டும் என்கிறாய். சேலத்தில் நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறை, அப்புறம் கடையில் ஒரே மேஜை. சரி, அது போகட்டும். நீ அனுப்பிய செய்தியிலேயே பதில் இருக்கிறது. பொறுமையாகப் படி, உனக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

நீ உட்கார்ந்து ஓட்டும்போது உன் கணக்கு ஸ்கிரிப்டோடு கூடவே போகிறது. 'இந்த இடத்தில் தமிழும் வரும், படித்துக்கொள்' என்று அதற்குச் சொல்லிவிடுகிறது. ஐந்து மணிக்குத் தானாக ஓடும்போது அப்படிச் சொல்ல யாருமில்லை. நம்முடைய பழைய சர்வரில், சொல்ல ஆளில்லாவிட்டால் அதற்கு இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும்தான் தெரியும். வேறு எழுத்து ஒன்று குறுக்கே வந்தால் படிக்கத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் உன் கையில் ஓடுகிறது, தானாக ஓடினால் நிற்கிறது. என் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உன் பெயரில் ஐந்து மணிக்கு வைத்தாலும் நிற்கும்.

எங்கே நின்றது என்றும் அந்தச் செய்தி சொல்கிறது. ஃபைலின் ஆரம்பத்திலேயே, மூன்றாவது இடத்தில். அங்கே இருக்கும் எழுத்தின் எண்ணையும் சொல்கிறது. நம் தமிழ் எழுத்துகள் எல்லாம் அந்த எண்ணில்தான் தொடங்கும். முதல் வரியில் யாரோ தமிழில் ஏதோ எழுதியிருக்கிறார்கள் மொழி. அதை எடுத்துவிட்டால் போதும். அந்த முதல் வரியை மட்டும் அப்படியே எடுத்து எனக்கு அனுப்பு. வேறு எதுவும் வேண்டாம்.

இதில் என் தவறும் ஒன்று உண்டு. புது ஃபைல் காலியாக இருந்தால் சர்வருக்குக் கொடுக்காதே என்று நான் ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. அவசரமாக எழுதினேன், ஓடியது, விட்டுவிட்டேன். வீரமணி சார் அதற்காக என்னைத் திட்டலாம்.

அதுவரை தினமும் ஆறு மணிக்கு நீயே ஓட்டிவிடு. யாருக்கும் நஷ்டமில்லை. நாளை வெள்ளிக்கிழமை. தயவுசெய்து அந்த வரியைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

மீனா

•

கள்ளக்குறிச்சி
5.9.2025, வெள்ளி

மீனாவுக்கு,

பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு வீரமணி சாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நீ சொல்கிற மாதிரி தமிழில் ஒரு பெயரோ ஒரு சொல்லோ அங்கே கிடையாது. முதல் வரி வெறும் குறிப்பு வரி. அப்படி வரியின் தலையில் கட்டம் போட்ட # குறி வைத்துவிட்டால் சர்வர் அதைப் படிக்காது என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதற்குக் கீழே எல்லாம் இங்கிலீஷ்.

அந்த வரியை உனக்கு அனுப்புகிறேன் என்றேன். அவர் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காத குறை. "ஜனங்களோட ரிப்போர்ட்டு எங்க இருக்குதுன்னு அந்த ஃபைல்லதான எழுதியிருக்குது? அத அதுக்கே அனுப்பறியா? முதல் வரி முதல் வரின்னு கத வுட்டுக்கினு இருக்குது. முதல் வரியில ஒண்ணுமில்ல, நானே பாத்துட்டேன்" என்றார்.

இருக்கிறது என்று நீ சொன்ன காரணம் அங்கே இல்லை. லாகில் இருக்கிற பெயர் மட்டும் இருக்கிறது. மதியம் அவரே கைப்பட மனு எழுதினார். ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் பெயர் இருக்கிறது.

பிறர் சொல்லி உனக்குத் தெரியக்கூடாது என்று நானே எழுதுகிறேன். நீ ஒன்றும் செய்யவில்லை என்றால் விசாரணையில் தெரிந்துவிடும், அப்புறம் உனக்கு ஒரு குறையும் வராது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்மொழி

•

வெள்ளிமலை
9.9.2025, செவ்வாய்

மொழி,

நேற்று பைக்கில் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். நான் வேலையில் இருந்தேன், அம்மாவைக் காட்டிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "உம் பொண்ணு கம்ப்யூட்டர்ல இன்னாம்மா பண்ணி வச்சிருக்குது?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு அதெல்லாம் தெரியாது சார். அது பண்ணியிருந்தா நல்லதுதான் பண்ணியிருக்கும். வெய்யில்ல வந்திருக்கீங்க, ஒக்காந்து கூழு குடிச்சிட்டுப் போங்க" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் குடித்துவிட்டு என்னை நாளை மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிப் போயிருக்கிறார். ஊர் முழுக்க எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது.

ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்டாள்: "மொழி பாப்பாவுக்கு இது தெரியுமா? தெரிஞ்சா சும்மா இருக்காதே அது. ஒரு ஃபோனு போட்டுச் சொல்லேன்." சொல்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டது யார் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. உனக்காக நான் ஏன் வெட்கப்படவேண்டும் என்று விடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் தெரிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். எது தெரியும், எப்போது தெரியும்? பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனேன். 'மனு நிலுவையில் இருக்கிறதாமே' என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். பதினைந்து நாள் பார்ப்பார்களாம், அதற்குள் முடியாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம்.

கோபத்தில் இதை விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வரி என்னை விடமாட்டேன் என்கிறது. வெறும் குறிப்பு வரி என்றாய். சர்வர் அதைப் படிக்காது என்பது சரி. ஆனால் ஸ்கிரிப்ட் படிக்கும். நகலெடுக்கிறவன் எதையும் விடக்கூடாது, அது எல்லா வரியையும் எல்லா எழுத்தையும் படித்துத்தான் எடுத்து எழுதும். வெறும் வரி என்று ஒன்று அதற்குக் கிடையாது. நீ கண்ணால் பார்த்தது போதும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த ஒரு வரியைப் பேனாவால் எழுது. என்ன இருக்கிறதோ அதை, ஒரு புள்ளி விடாமல்.

எனக்கு அனுப்பவேண்டாம். நீ எழுதிப் பார்த்தால் போதும்.

மீனா

•

கள்ளக்குறிச்சி
12.9.2025, வெள்ளி

அன்புள்ள மீனாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, நீ சொன்னபடி தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் செய்வதைச் செய்தேன், தலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். அப்புறம் திரையைப் பார்த்து அந்தக் கட்டக் குறியை எழுதினேன். ஒரு இடைவெளி விட்டேன். மூன்றாவதாக எழுத வேண்டியதைப் பார்த்தேன். மறுபடியும் அதே சுழி. என் கை அப்படியே நின்றுவிட்டது.

அதைப் போட்டது நான்தான் மீனா. கிளை திறந்த அன்று வீரமணி சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "புதுசா ஆரம்பிக்கிற, சுழி போடாமயா எழுதற?" என்று கேட்டார். குறிப்பு வரியில் போட்டால் சர்வருக்குத் தொல்லை இல்லை என்று, ஃபோனில் 'உ' என்று தட்டி எடுத்து முதல் வரியில் ஒட்டினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிளையை எடுத்தபோதுகூட அந்த வரியை நான் எடுக்கவில்லை. சுழியை யாராவது அழிப்பார்களா?

அது என் கண்ணில் படாமல் இல்லை. அவர் கண்ணிலும் பட்டது. யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய், நாங்கள் இரண்டு பேரும் எழுத்தைத் தேடினோம். சுழியை எழுத்து என்று யார் கணக்கு வைப்பார்கள்? தாளோடு வந்தது மாதிரிதானே அது நமக்கு. முதல் வரியில் ஒன்றுமில்லை என்று சத்தியமே செய்திருப்பேன்.

அந்த வரியை எடுத்தேன். வியாழன் காலை ஐந்து மணிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். தானாக ஓடியது, ஒரு சைட் விழவில்லை. லாகில் 'மீனா' என்று வந்தது. நான் அழுதேன்.

நேராக வீரமணி சாரிடம் போனேன். மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன். "புள்ளையார் சுழியால கம்ப்யூட்டர் நின்னுடுச்சின்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லச் சொல்றியா? நான் போடச் சொன்ன சுழியாலயாம்மா கெட்டுப்போச்சு? போ போ, அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார். நான் ஸ்டேஷனுக்குப் போனால் என் கடைக்கும் அவருக்கும் ஒட்டு உறவு கிடையாது என்றும் சொன்னார்.

போனேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தனியாகவே போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கிறவர், "இன்னாம்மா இது, சுழி போட்டா கெட்டுப்போவுது, எடுத்தா நல்லாவுதுன்னா இத நான் எப்படி எழுதறது?" என்று தலையைச் சொறிந்தார். அவர் எதிரிலேயே, தானாக ஓடும்படி நேரம் வைத்து, சுழியைப் போட்டு நிறுத்திக் காட்டினேன், எடுத்து ஓட்டிக் காட்டினேன். கூட நாலு பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். 'இந்தப் பிழையைச் செய்தது நான். மீனாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. விசாரிக்காமல் அவள் பெயரைக் கொடுத்தது என் குற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மனுவை முடித்துவிட்டார்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றை உன் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன், ஒன்று உனக்கு.

வீரமணி சார் நாலு கிளையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். எனக்கு இப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

என்னை மன்னித்துவிடு மீனா. உள்ளுக்குள் நான் உன்னைச் சந்தேகப்படவே இல்லை, இது சத்தியம். அந்த மனுஷன் தலைமேல் நின்றான், லாகில் உன் பெயர் நின்றது, நான் பயந்துவிட்டேன். உன் ஆர்டர் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது. நீ வேலையில் சேருகிற அன்று நான் வந்து அம்மா கையால் சாப்பிடவேண்டும். பேசிக்கொள்ளவேண்டும். பழையபடி ஆகிவிடவேண்டும்.

உன்
மொழி

•

வெள்ளிமலை
30.9.2025, செவ்வாய்

அன்புள்ள மொழிக்கு,

ஆர்டர் வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை சேருகிறேன். நீ அனுப்பிய தாளைப் பள்ளிக்கூடத்தில் கோப்பில் வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. பெரிய வாடிக்கையாளரை விட்டுவிட்டு, நாலு பேர் எதிரில் உன் தவறைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது லேசான காரியம் இல்லை. அதற்கு நன்றி. வாய்வார்த்தைக்காகச் சொல்லவில்லை.

பதில் எழுத இத்தனை நாள் ஆனது ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருந்ததாலும்தான். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி அது எந்த எழுத்தையும் படிக்கும். சுழி போட்டுக்கொள்ளலாம், முருகன் துணை என்று எழுதிக்கொள்ளலாம், நிற்காது. புது ஃபைல் காலியாக இருந்தால் பழையதைத் தொடாது, உனக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு நின்றுகொள்ளும். சின்னசேலத்தில் நல்ல கடைக்காரர்கள் இரண்டு பேர் சைட் கேட்டுக்கொண்டிருப்பதாக இங்கே வந்த ஒருவர் சொன்னார். அவர்கள் நம்பரையும் எழுதியிருக்கிறேன். வீரமணி சார் போன இடம் நிரம்பிவிடும்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. உள்ளுக்குள் என்னைச் சந்தேகப்படவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். சந்தேகப்பட்டாய் மொழி. அதற்காக எனக்குக் கோபம்கூட இல்லை, யாருக்கும் வரும். அந்தச் சந்தேகம் போய்விட்டது என்று நீ நினைப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. காரணம் கிடைத்தபின் என்னை நம்புகிறாய். கிடைக்காமலே போயிருந்தால்? அந்த ஸ்கிரிப்ட் ஏன் நின்றது என்று கடைசிவரை யாருக்குமே தெரியாமல் போயிருந்தால், இன்றைக்கு நான் உனக்கு யார்? எத்தனையோ வேலையில் காரணம் கிடைக்காமல் போயிருக்கிறது, நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு நீ என்ன பதில் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. என்னிடம் அந்த நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. நீ நல்லவள்தான். எனக்கு ஆறவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அன்று அம்மா கோழி அடிக்கப்போகிறாள். மொழி பாப்பாவைக் கட்டாயம் வரச்சொல்லி எழுது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ வரவேண்டாம். அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். மத்தியானம்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம், பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மீனா